மேலூர் கிரானைட் வழக்குகள்: பிடிபட்டவர் தப்பிப்பது எப்படி?

மேலூரிலிருந்து திருப்பத்தூர் சாலையில் போனால் கீழவளவு பக்கம் கல் அடுக்கிக் கிடப்பதைப் பார்க்கலாம். ஒவ்வொன்றும் ஒரு சின்ன அறை அளவு. விளிம்பில் வரிசையாகத் துளை போட்ட தடம். பக்கவாட்டில் பெயின்ட்டில் எழுதிய எண்ணும் நீள அகல உயரமும். பல கற்களில் பெயின்ட் பாதி போய்விட்டது, நடுவில் சீமைக்கருவேலம் ஆளுயரம் தாண்டி நிற்கிறது. பக்கத்திலேயே பஞ்சபாண்டவர் மலைக் குகையில் சமண முனிவர்களுக்காக வெட்டிய தமிழி எழுத்து ஈராயிரம் ஆண்டு கழித்தும் படிக்கிற மாதிரி இருக்கிறது என்பது வேறு கதை.

இந்தப் பக்கத்தில் கிடக்கும் கற்களில் பல, அனுமதியில்லாமல் கிரானைட் வெட்டியதாக 2012இல் தொடங்கிய வழக்குகளின் தடயம். அந்த வழக்குகளில் சாட்சி சொல்ல அழைக்கப்பட்ட முன்னாள் ஆட்சியர் உ.சகாயம், தனக்கிருந்த போலீஸ் பாதுகாப்பு விலக்கப்பட்டதைச் சொல்லி 2025இல் மதுரை சிறப்பு நீதிமன்றத்துக்கு வரத் தயங்கியபோது விஷயம் மறுபடி செய்தியானது. குழி கண்ணுக்குத் தெரிகிறது, கல் சாலையோரம் கிடக்கிறது, பெயரும் ஊருக்கே தெரியும், அப்புறம் ஏன் இன்னும் முடியவில்லை என்று கேட்காதவர் இல்லை. "காசு கொடுத்து அமுக்கிட்டாங்க" என்று டீக்கடையில் சொல்வது பாதி பதில்தான். மீதிப் பாதி சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. வசதியும் செல்வாக்கும் உள்ளவர் பெரும்பாலும் சட்டத்துக்குப் பயந்து ஓடுவதில்லை. அதற்குள்ளேயே நிதானமாக நடக்கிறார்.

நிலுவையில் உள்ள வழக்குகள் என்பதால், இங்கே குற்றம்சாட்டப்பட்ட யார் பெயரும் இல்லை. தீர்ப்பு வரும்வரை ஒருவர் 'குற்றம்சாட்டப்பட்டவர்'தான், 'குற்றவாளி' இல்லை. இந்த வேறுபாடு வெறும் மரியாதைக்காக அல்ல, கீழே வரும் ஒவ்வொரு படியும் அதன்மேல்தான் நிற்கிறது.

துப்பறிவது யார்?

கதைகளில் வரும் தனியார் துப்பறிவாளருக்கு நம் நாட்டில் கைது செய்யவோ சோதனை போடவோ அதிகாரம் கிடையாது. நிஜத்தில் துப்பறிபவர் காவல்துறையின் விசாரணை அதிகாரி, அதாவது ஐ.ஓ. பெரும்பாலும் ஓர் ஆய்வாளர் அல்லது துணைக் கண்காணிப்பாளர். ஆனால் கனிம வழக்கில் அவர் தனியாக எதுவும் செய்துவிட முடியாது. நிலம் யாருடையது என்று சொல்ல வி.ஏ.ஓ.வும் தாசில்தாரும் வேண்டும். அளக்க சர்வேயர் வேண்டும். எவ்வளவு கல், எந்த ரகம் என்று சொல்லக் கனிமவளத் துறை வேண்டும். ஒருவரின் கீழ் இன்னொருவர் இல்லாத மூன்று துறைகள். குவாரி பல ஆண்டு ஓடியிருக்கிறது என்றால், இவற்றில் யாராவது ஒருவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார் என்ற கேள்வியும் கூடவே வரும். விசாரணை அதிகாரி தன் சாட்சிகளையே சந்தேகப்பட வேண்டிய வழக்கு இது.

நடந்தது, சுருக்கமாக

1. 2012 மே: மதுரை ஆட்சியராக இருந்த சகாயம், மேலூர் வட்டாரக் குவாரிகளால் அரசுக்கு 16,338 கோடி ரூபாய் இழப்பு என்று மதிப்பிட்டு அரசுக்கு அறிக்கை அனுப்பினார். அதே மாதம் கோ-ஆப்டெக்ஸுக்கு மாற்றப்பட்டார்.

2. 2012 ஆகஸ்ட்: அறிக்கை வெளியே வந்தது. அடுத்த ஆட்சியர் அன்சுல் மிஸ்ரா காலத்தில் குவாரிகளில் சோதனை, அடுக்கடுக்காக வழக்குகள், கைதுகள்.

3. 2014 செப்டம்பர்: டிராஃபிக் ராமசாமி தொடுத்த பொதுநல வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் குவாரிகளை விசாரிக்கச் சகாயத்தைச் சட்ட ஆணையராக நியமித்தது. தமிழக அரசு உச்ச நீதிமன்றம்வரை போய் எதிர்த்தது, அங்கே எடுபடவில்லை.

4. 2015: குவாரிக்காக நரபலி கொடுத்ததாகப் புகார் வந்து ஒரு மயானத்தைத் தோண்ட வேண்டியிருந்தது. தடயம் கலைந்துவிடக் கூடாது என்று சகாயம் இரவு அங்கேயே படுத்தார். நவம்பரில் தாக்கலான அவரது அறிக்கை, இழப்பை ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்றது.

5. 2016 மார்ச்: மேலூர் நீதித்துறை நடுவர் இரண்டு வழக்குகளில் குற்றம்சாட்டப்பட்டவரை விடுவித்ததோடு, முன்னாள் ஆட்சியர் மிஸ்ரா மீதே நடவடிக்கை எடுக்கச் சொன்னார். உயர் நீதிமன்றம் தலையிட்டது, நடுவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்.

16,338 கோடி எப்படி ஒரு லட்சம் கோடியானது என்று பலர் கேட்பதுண்டு. இரண்டுமே மதிப்பீடுகள். எத்தனை குவாரி, எத்தனை ஆண்டு, கல்லுக்கு என்ன விலை என்பதை மாற்றினால் தொகை மாறும். ஆணையத்தின் அறிக்கையில் ஒரு மொத்தத் தொகை போதும். குற்றவியல் நீதிமன்றத்தில் அது செல்லாது. எந்தப் புல எண்ணில், எந்தத் தேதிக்குள், யார், எத்தனை கன மீட்டர் என்று உடைத்துக் காட்டியாக வேண்டும். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கல் யாருடையது?

திருடுபோன பைக்குக்கு நம்பர் பிளேட் உண்டு. பாறைக்கு அப்படி எதுவும் இல்லை. வெட்டி எடுத்த கல் இன்ன இடத்துக் கல் என்று காட்ட விசாரணை அதிகாரி நான்கு விஷயங்களை நிறுவ வேண்டும்: எந்த நிலம், எவ்வளவு கல், எப்படி வெளியே போனது, யார் சொல்லி வெட்டியது. ஒன்று அறுந்தாலும் வழக்கு அறுந்தது.

*எந்த நிலம்.* மேலூர் பக்கம் ஒரு குவாரிக்குப் பக்கத்தில் மூன்று வகை நிலம் இருக்கலாம். தனியார் பட்டா நிலம், இதற்குத் தனி அனுமதி உண்டு. அரசுப் புறம்போக்கு, அதாவது பாறை, கண்மாய், ஓடை, பாதை. அப்புறம் அரசு நிறுவனமான டாமினுக்குக் குத்தகைக்கு விட்ட இடம். பட்டாவுக்கு அனுமதி வாங்கிக்கொண்டு பக்கத்துப் புறம்போக்கில் வெட்டுவதுதான் இந்த வழக்குகளில் திரும்பத் திரும்ப வரும் புகார். ஆக, எல்லை எங்கே என்பதுதான் முழு வழக்கும்.

எல்லையைக் காட்டுவது புலப்படமும், மண்ணில் நட்ட சர்வே கல்லும். சர்வேயர் படத்தை விரித்துக்கொண்டு வந்து, மூன்று கிராமம் சந்திக்கும் முச்சந்திக் கல்லைத் தேடுவார், அங்கிருந்து அளந்துகொண்டு வருவார். குவாரிக்குள் அந்தக் கல் இருந்த இடமே இப்போது எழுபது அடி ஆழக் காற்று என்றால்? தூரத்தில் மிச்சமிருக்கும் ஏதோ ஒரு கல்லிலிருந்து கருவி வைத்துக் கணக்குப் போட்டு, "எல்லை இந்த இடத்தில் இருந்திருக்க வேண்டும்" என்று எழுதுவார். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இது போதும். "நீங்கள் அந்தக் கல்லைக் கண்ணால் பார்த்தீர்களா?" என்று ஒரு கேள்வி. சர்வேயர் "இல்லை" என்றுதான் சொல்ல முடியும். எல்லைக் கல்லைப் பெயர்த்தவருக்கே அது இல்லாமல் போனதன் பலன் போய்ச் சேருகிறது.

*எவ்வளவு கல்.* ஒரு கணக்கைப் பார்ப்போம். குழி 100 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம், 20 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 1,00,000 கன மீட்டர். ஆனால் தோண்டிய அத்தனையும் விற்கிற கல் இல்லை. விரிசல் விட்டது, நிறம் கலந்தது எல்லாம் கழிவுமேட்டுக்குப் போகும். பர்மிட் 9,000 கன மீட்டருக்கு வாங்கியிருக்கிறார். "நூற்றுக்குப் பத்துதான் தேறியது" என்று குவாரிக்காரர் சொன்னால் எடுத்தது 10,000, தப்பு ஏதோ கொஞ்சம். கனிமவளத் துறை "முப்பது தேறும்" என்றால் எடுத்தது 30,000. பர்மிட்டைத் தாண்டி 21,000 கன மீட்டர், ஏறத்தாழ 56,000 டன். குழி ஒன்றுதான். சதவீதத்தை யார் சொல்வது என்பதில்தான் எல்லாமே. இரு பக்கமும் நிபுணரைக் கொண்டுவருவார்கள். அதில் எந்தப் பக்கம் நல்ல சம்பளம் கொடுக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

*எப்படி வெளியே போனது.* 3 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், அதே உயரம் உள்ள ஒரு கல் சுமார் 18 டன். அதை ஒளித்துக் கொண்டுபோக முடியாது. லாரிக்கு நடைச்சீட்டு வேண்டும், அதில் தேதி, வண்டி எண், அளவு எல்லாம் இருக்கும். ஒரே சீட்டில் இரண்டு மூன்று நடை ஓட்டுவது பழைய வித்தை. இதைப் பிடிக்க நடைச்சீட்டின் அடிக்கட்டை, சிட்டம்பட்டி டோல்கேட் பதிவு, தூத்துக்குடித் துறைமுகத்தின் ஏற்றுமதி ஆவணம் மூன்றையும் வண்டி எண் வாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் உண்மையான துப்பறிதல் இதுதான். அலுப்பு பிடித்த வேலை, சினிமாவில் வராது. வழக்கை ஜெயிக்க வைக்கிற வேலையும் இதுதான். ஆனால் பழைய பதிவுகள் காலவரம்பின்றி வைக்கப்படுவதில்லை. கேட்கத் தாமதமானால் கிடைக்காது.

*யார் சொல்லி.* குத்தகை ஒருவர் பேரில், நிலம் இன்னொருவர் பேரில், வெட்டுவது ஒப்பந்தக்காரர், விற்பது நிறுவனம். நிறுவனம் செய்த குற்றத்துக்கு அப்போது பொறுப்பில் இருந்தவரைத் தண்டிக்கலாம் என்று கனிமச் சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்கிறது. தனக்குத் தெரியாமல் நடந்தது, தடுக்க முயற்சி எடுத்தேன் என்று அவர் நிரூபித்துவிட்டால் தப்பிக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. கையெழுத்து எல்லாம் மேலாளருடையது என்றால், முதலாளிவரை கொண்டுபோய்ச் சேர்ப்பது விசாரணை அதிகாரியின் தலைவலி.

என்ன தண்டனை?

இதுதான் படிப்பவர்களுக்கு அதிர்ச்சி தரும் இடம். 1957ஆம் ஆண்டின் கனிமங்கள் சட்டப்படி, அனுமதியில்லாமல் வெட்டினால் அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறை அல்லது 25,000 ரூபாய் அபராதம், இல்லை இரண்டும் என்றுதான் 2015வரை இருந்தது. 25,000 ரூபாய்! நல்ல கிரானைட் கல் ஒன்றின் விலைக்குக்கூட உறை போடக் காணாது. 2015 திருத்தத்தில் ஐந்து ஆண்டு, ஹெக்டேருக்கு ஐந்து லட்சம் ரூபாய்வரை என்று உயர்த்தினார்கள். ஆனால் குற்றம் நடந்த நாளில் இருந்த தண்டனையைவிடக் கூடுதலாகக் கொடுக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 20(1) பிரிவு. 2012க்கு முந்தைய வெட்டுக்குப் பழைய தண்டனைதான்.

இன்னொரு முடிச்சு, அதே சட்டத்தின் 22ஆம் பிரிவு. அதிகாரம் பெற்ற அதிகாரி எழுத்தில் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் அந்தக் குற்றத்தை விசாரணைக்கு எடுக்கலாம். போலீஸ் குற்றப்பத்திரிகை மட்டும் போதாது. "எங்கள் மேல் போலீஸ் வழக்கே போட முடியாது" என்ற வாதம் நாடு முழுக்க மணல், கல் வழக்குகளில் ஓடியது. 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்தது: அரசு நிலத்துக் கனிமத்தை அனுமதியில்லாமல் எடுப்பது கனிமச் சட்டக் குற்றம் மட்டுமல்ல, திருட்டும்தான். திருட்டுக்குத் தனியாக வழக்குப் போடலாம். 2020 டிசம்பரில் இன்னொரு தீர்ப்பு, அபராதம் கட்டிக் கனிமச் சட்டக் குற்றத்தைச் சமரசமாக முடித்துக்கொண்டாலும் திருட்டு வழக்கு தொடரும் என்றது.

சரி, திருட்டுக்கு என்ன தண்டனை? பழைய இந்திய தண்டனைச் சட்டம் 379இல் மூன்று ஆண்டு. அதனால்தான் போலீஸ் மோசடி, போலி ஆவணம், கூட்டுச்சதி, வெடிபொருள் சட்டம் என்று சேர்க்கிறது. சேர்க்கச் சேர்க்க நிரூபிக்க வேண்டியதும் கூடுகிறது. கூடக் கூட உடைக்க இடமும் கிடைக்கிறது.

வாய்தா என்னும் ஆயுதம்

எஃப்.ஐ.ஆர். போட்ட நாளிலிருந்து வசதியுள்ளவருக்கு வரிசையாகக் கதவுகள் திறந்திருக்கின்றன. எல்லாமே சட்டப்படியானவை. ஏழைக்கும் இதே கதவுகள்தான், தட்டுவதற்கு வக்கீல் ஃபீஸ்தான் இல்லை.

1. முன்ஜாமீன். கைதுக்கு முன்பே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மனு. கிடைத்தால் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போடுவதோடு சரி.

2. தானாகக் கிடைக்கும் ஜாமீன். கைதானவர் மீது 60 நாளுக்குள், பத்தாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள கடுமையான குற்றமென்றால் 90 நாளுக்குள், குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால் ஜாமீன் அவர் உரிமை. மூன்று துறை ஆவணங்களைத் திரட்டி இந்த நாளுக்குள் முடிப்பது லேசில்லை.

3. எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக் கோரும் மனு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482ஆம் பிரிவு, இப்போது அதற்குப் பதில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 528. மனு நிலுவையில் இருக்கும்போதே இடைக்காலத் தடை கிடைத்துவிட்டால் கீழ் நீதிமன்றம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். தடையாணை ஆறு மாதத்தில் தானாகக் காலாவதியாகும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 பிப்ரவரி 29 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, அப்படித் தானாகக் காலாவதியாகாது என்றது.

4. அதிகாரிகள் பக்கம் இன்னொரு சுவர். உடந்தையாக இருந்த அரசு ஊழியர் மேல் வழக்கு நடத்த அரசின் இசைவாணை வேண்டும். கோப்பு தலைமைச் செயலகத்தில் இருக்கும்வரை அவரைத் தனியாகப் பிரித்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மொத்த வழக்கும் காத்திருக்கும்.

ஒவ்வொரு கதவும் ஓரிரு ஆண்டைத் தின்னும். இதற்கிடையில் விசாரணை அதிகாரி திருநெல்வேலிக்கோ சென்னைக்கோ மாற்றலாகிப் போயிருப்பார், அல்லது ஓய்வு பெற்றிருப்பார். அவருக்கு அடுத்து வந்தவர் கேஸ் டைரியை முதல் பக்கத்திலிருந்து படிக்கிறார். விசாரணை ஆரம்பித்ததும் பழையவர் சாட்சியாகக் கூண்டேற வேண்டும், பல ஆண்டுக்கு முந்தைய ஒரு மதிய நேரத்தில் எந்தக் கல்லில் எந்த எண்ணைப் பார்த்தார் என்று சொல்ல வேண்டும். குற்றம்சாட்டப்பட்டவருக்கோ அதே வக்கீல், அதே கோப்பு, அதே ஞாபகம்.

சாட்சி ஏன் பிறழ்கிறார்?

போலீஸிடம் சொல்லும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடுவதில்லை. நீதிமன்றத்தில் அது நேரடிச் சான்றும் இல்லை. அங்கே வந்து "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்றால் அவர் பிறழ் சாட்சி, அவ்வளவுதான். மாஜிஸ்திரேட் முன் பதிவு செய்த வாக்குமூலம் இதைவிடக் கெட்டி. ஆனால் கிராமத்துச் சாட்சிகள் எல்லோரையும் அங்கே கூட்டிப்போவது நடப்பதில்லை.

கிராமத்தில் நிலைமை எப்படி என்று பாருங்கள். சாட்சி குவாரியில் கம்ப்ரசர் ஓட்டியவர், அல்லது பக்கத்து வயல்காரர். கோயில் கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை கொடுத்தவரும், மகன் படிப்புக்குக் கைமாற்று கொடுத்தவரும் அதே முதலாளியாக இருக்கலாம். மிரட்டலே தேவையில்லை. வழக்கு முடிந்தபிறகும் இவர் அதே ஊரில்தான் இருக்க வேண்டும். 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை நாடு முழுக்கச் சட்டமாக்கியது. புதிய நடைமுறைச் சட்டத்தின் 398ஆம் பிரிவு ஒவ்வொரு மாநிலமும் தனித் திட்டம் கொண்டுவர வேண்டும் என்கிறது. ஆனால் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவரே பாதுகாப்பு இல்லை என்று தயங்கும் வழக்கில், கம்ப்ரசர் ஓட்டியவர் எந்தத் தைரியத்தில் கூண்டேறுவார்? 2025 செய்தியில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். மற்றதெல்லாம் அரசியல்.

அமலாக்கத் துறை வந்தால் மாறுமா?

ஓரளவுக்கு. பண மோசடித் தடுப்புச் சட்டத்தில் சொத்தை முடக்கலாம், செல்வாக்குள்ளவருக்கு உறைக்கும் ஒரே மொழி அது. ஆனால் அந்தச் சட்டம் தனியாக நிற்காது. அதன் அட்டவணையில் உள்ள ஒரு குற்றம் முதலில் வேண்டும். கனிமச் சட்டக் குற்றம் அட்டவணையில் இல்லை. சாதாரணத் திருட்டும் இல்லை. மோசடி உண்டு. போலீஸ் போட்ட மோசடி வழக்கு விழுந்தால், அதன்மேல் கட்டிய அமலாக்கத் துறை வழக்கும் நிற்காது என்று 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆக, எங்கே சுற்றினாலும் அந்தச் சர்வேயர் அளவுக்கும் நடைச்சீட்டு அடிக்கட்டைக்கும்தான் திரும்பி வர வேண்டும்.

செய்தியில் வரும் சொற்கள்

இனி இந்த வழக்குகள் பற்றிச் செய்தி வரும்போது மூன்று சொற்களைப் பிரித்துப் பாருங்கள். 'ரத்து' என்றால் உயர் நீதிமன்றம் வழக்கையே எடுத்துவிட்டது. 'விடுவிப்பு' என்றால் விசாரணை தொடங்கும் முன்பே, போதிய ஆதாரம் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். இதில் புதிய ஆதாரம் வந்தால் திரும்பக் கொண்டுவர வழி உண்டு. 'விடுதலை' என்றால் முழு விசாரணைக்குப் பிறகு. மேல்முறையீட்டில் மாறாவிட்டால் அதே குற்றத்துக்கு மறுபடி வழக்கு இல்லை. பத்திரிகைகள் மூன்றையும் ஒன்றுபோல எழுதுவதால்தான் "அவர் தப்பிச்சுட்டாராமே" என்று ஊர் ஒரே முடிவுக்கு வருகிறது.

அந்தக் கற்கள்? 2024 ஜூலை 1 முதல் அமலான புதிய நடைமுறைச் சட்டத்தின் 497ஆம் பிரிவுப்படி, நீதிமன்றத்துக்கு வந்த பொருளை 14 நாளுக்குள் பட்டியலிட்டு, படமும் வீடியோவும் எடுத்து, அடுத்த 30 நாளுக்குள் என்ன செய்வது என்று உத்தரவிட வேண்டும். படமே சான்றாகிவிடும், பொருள் காத்துக்கிடக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கு முன்பே நிலுவையில் இருந்த விசாரணைகள் பழைய சட்டப்படியே நடக்கும். அதனால் ஒவ்வொரு குவியலுக்கும் தனி மனு, தனி உத்தரவு, அதற்கும் வாய்தா. யாராவது வந்து எண்ணைச் சரிபார்க்க வேண்டுமென்றால் இப்போது முதலில் கருவேலத்தை வெட்ட ஆள் கூப்பிட வேண்டும்.